கோட்டைக்குள் விடிந்த பிறகு

வேலூர்க் கோட்டைக்குள் காலையில் நடப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அகழியைக் கடந்து உள்ளே நுழைந்து, ஜலகண்டேசுவரர் கோயில் மதிலை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிச் சுற்றிலேயே கால் நின்றுவிட்டது. முந்தைய இரவு பார்த்த படத்தில் ஒருவன் இதே போல, பொழுது விடிந்ததும், பாழடைந்த கோட்டை ஒன்றுக்குள் நடந்துபோகிறான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போகிறான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதை நினைத்ததும் என்னால் மேலே நடக்க முடியவில்லை.

அந்தப் படம் கிங் ஹு இயக்கியது. ஆங்கிலத்தில் 'எ டச் ஆஃப் ஜென்' என்று பெயர். சீன மொழியில் வைத்த பெயருக்கு வீரமங்கை என்று மட்டுமே பொருள். தைவானில் எடுக்கப்பட்டு 1970இலும் 1971இலும் இரண்டு பாகங்களாக அங்கே வெளியான அந்தப் படம், பின்னர் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற ஒரே படமாக இணைக்கப்பட்டு, 1975இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரும்பரிசைப் பெற்றது. காட்பாடியில் இருக்கும் என் நண்பர், பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பவர், தம் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார். தமிழில் மொழிமாற்றம் செய்து வந்த குங்ஃபூ படங்களை ஒன்றுவிடாமல் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். படம் முடிந்ததும் அவர், முதல் இரண்டரை மணி நேரம் பிரமாதம் என்றும், கடைசிப் பகுதி முழுக்கப் புத்த மதப் பிரசங்கமாகப் போய்விட்டது என்றும் சொன்னார். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அதை அன்றிரவு சரியாகச் சொல்ல வராததால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிங் அரச மரபின் காலம். கூ என்ற ஓவியன் தன் தாயோடு பாழடைந்த கோட்டை ஒன்றின் அருகே வாழ்கிறான். படித்தவன், ஆனால் அரசுத் தேர்வு எழுதி உத்தியோகம் தேட விருப்பமில்லாதவன். அக்கம்பக்கத்தார்க்கு உருவப்படம் வரைந்தும் கடிதம் எழுதிக் கொடுத்தும் பிழைக்கிறான். கல்யாண வயது தாண்டுகிறதே என்று தாய் நாளெல்லாம் புலம்புகிறாள். பேய் வீடு என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த வீட்டில் யாங் என்ற இளம்பெண் குடிவருகிறாள். அரண்மனையில் அதிகாரம் செலுத்திய அண்ணகன் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளன்) வெய் என்பவனால் கொல்லப்பட்ட நேர்மையான அமைச்சர் ஒருவரின் மகள் அவள் என்பதும், அவளையும் கொல்ல ஒற்றர் படை தேடிக்கொண்டிருக்கிறது என்பதும் மெல்ல வெளிப்படுகின்றன. அந்த அமைச்சர் யாங் லியன் கற்பனைப் பாத்திரம் அல்லர். வெய்யின் கொடுமைகளைக் கண்டித்து மனு எழுதியதற்காகச் சிறையில் வதைக்கப்பட்டு 1625இல் இறந்தவர்.

மூலக்கதை சீன எழுத்தாளர் பூ சோங்லிங்குடையது. 1640 முதல் 1715 வரை வாழ்ந்த அவர் பேய், நரி, மாயம் பற்றிய நூற்றுக்கணக்கான கதைகளைத் தொகுத்தவர். அவருடைய சிறுகதையில் ஏழை அறிஞனும் பழிதீர்க்கும் பெண்ணும் உண்டு, அவள் அவனுக்குப் பெற்றுத் தரும் பிள்ளையும் உண்டு. பிக்குகள் இல்லை. மடாதிபதி ஹுய்-யுவானும் அவரோடு வரும் பிக்குகளும் இயக்குநர் கொண்டுவந்து சேர்த்தவர்கள். ஆகவே பௌத்தம் இந்தக் கதையில் வெளியிலிருந்து வந்ததுதான் என்று நண்பர் வாதிடலாம். வெளியிலிருந்து வந்தது உண்மை. ஒட்டாமல் நிற்கிறது என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

படத்தின் முதல் காட்சி இருட்டில் ஒரு சிலந்தி வலை. அதில் பூச்சிகள் சிக்கித் துடிக்கின்றன. யாரும் பேசுவதில்லை. அதன் பிறகு நாணல், பனிமூட்டம், கோட்டைச் சுவர். முதல் சண்டை வருவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை நாம் பார்ப்பது ஒருவரை ஒருவர் உளவு பார்ப்பதும், வேடம் போடுவதும், பயப்படுவதும்தான்: குருட்டு ஜோசியராகத் திரிபவர் உண்மையில் படைத்தளபதி, மருந்துக் கடைக்காரரும் அப்படியே, படம் வரைந்துகொள்ள வருகிறவன் ஒற்றன். ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பின்னுகிறார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் பின்னிய நூலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று இருப்பதால் இன்னொன்று பிறக்கிறது, அது பிறந்ததால் மற்றொன்று என்று பன்னிரண்டு சார்புகளை அடுக்கிக் காட்டுகிறதே மணிமேகலை, அதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை. அந்த வலையைப் பார்த்தபோது ஏறியது.

நண்பருக்கு மிகவும் பிடித்தது மூங்கில் காட்டுச் சண்டை. எனக்கும் பிடித்ததுதான். சுமார் பத்து நிமிடக் காட்சியை எடுக்க இருபத்தைந்து நாட்கள் ஆயின என்று சொல்வார்கள். சண்டைப் பயிற்சி அளித்த ஹான் யிங்-ஜியே பீக்கிங் ஓபரா மேடையில் பயின்றவர் என்பதால், அடியும் தடுப்பும் தாளத்துக்கு ஆடுகிற ஆட்டத்தைப் போலவே இருக்கின்றன; நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் அடவு வைத்துத் திரும்பும்போது மத்தளம் சேர்ந்து விழுமே, அப்படி. யாங் தன் தோழரின் தோளை மிதித்து மூங்கிலுக்குத் தாவி, அங்கிருந்து தலைகீழாக வாளோடு பாயும் இடத்தில் அவள் முழுதாகத் தாவுவதை நாம் எங்கும் பார்ப்பதில்லை. ஒரு துண்டில் கால், அடுத்த துண்டில் இலைகளுக்கு நடுவே ஒளிக்கற்றை, அதற்கடுத்ததில் விழுந்துவிட்ட எதிரி. கராத்தே ஆசிரியர் என்ற முறையில் நண்பர் இதில் குறை கண்டிருக்கலாம். உடம்பின் திறமையை வெட்டி ஒட்டிய திறமைதானே இது என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. வெட்டும் இடம்தான் இங்கே அடி விழும் இடம் என்றார். அதைவிடச் சரியாக நான் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

ஆனால் படத்தின் உயிர் எனக்கு அந்த மூங்கில் காட்டில் இல்லை. அதற்குப் பின் வரும் இரவிலும் அதன் விடியலிலும் இருக்கிறது.

ஒற்றர் படை பெருங்கூட்டமாக வரப்போகிறது. இந்தப் பக்கம் இருப்பதோ சிலர். வாள் பிடிக்கத் தெரியாத கூ, போர்க்கலை நூல்களைப் படித்த தன் மூளையை முதன்முதலாகப் பயன்படுத்துகிறான். கோட்டைக்குள் பேய்கள் உலவுகின்றன என்ற வதந்தியைத் தாயைக் கொண்டே பரப்புகிறான்; பொம்மைகள், மணிகள், கயிறு இழுத்தால் பாயும் பொறிகள் எல்லாவற்றையும் இருட்டில் அமைக்கிறான். வீரர்கள் கலங்கி ஓடுகிறார்கள், மடிகிறார்கள். நாமும் அவனோடு சேர்ந்து மகிழ்கிறோம். படம் நம்மை மகிழ வைக்கிறது. விடிந்ததும் அவன் தன் கைவண்ணத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். ஒவ்வொரு பொம்மையையும் தட்டிப் பார்த்து, இதற்கா பயந்தார்கள் என்று சிரிக்கிறான். ஒரு திருப்பத்தில் பிணங்கள் கிடக்கின்றன. இன்னும் கொஞ்ச தூரம் போனால் இன்னும் அதிகம். சிரிப்பு குறைந்து, நின்று, முகம் வேறாகிவிடுகிறது. அதற்குள் பிக்குகள் வந்து இறந்தவர்களை எடுத்துச் சடங்கு செய்கிறார்கள். எந்தப் பக்கத்தவன் என்று அவர்கள் கேட்பதில்லை. கூ யாங்கைத் தேடுகிறான், அவள் போய்விட்டாள்.

வேலூர்க் கோட்டையில் நின்று இதை நினைத்தபோது 1806 ஜூலை 10ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். மக்கான் அருகே உள்ள நினைவுத்தூணுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறியும் தாடியும் கூடாதென்ற ஆங்கிலேயரின் உத்தரவும் மூட்டிய கோபத்தில், விடியுமுன் இருட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்த இரவில் ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவின் 115 பேரும் 14 அதிகாரிகளும் மாண்டார்கள். விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களில் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் சிப்பாய்களில் ஏறக்குறைய 350 பேர் மடிந்தார்கள் என்று எழுதுகிறார்கள். நான் அந்தச் சிப்பாய்களின் பக்கம். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. பள்ளி நாட்களில் அந்த இரவைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலைப்பொழுதைப் பற்றி, இரு தரப்பிலும் கிடந்த அத்தனை உடல்களையும் யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள், யார் அழுதார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நியாயமான சண்டையில் வென்றவனுக்கும் விடியற்காலை ஒன்று உண்டு என்று அந்தப் படம் சொல்கிறது. அதைச் சொல்ல அது ஒரு வசனமும் பேசவில்லை. நண்பர் பிரசங்கம் என்று குறைப்பட்டுக்கொண்ட கடைசிப் பகுதி உண்மையில் இந்த இடத்தில் தொடங்கிவிட்டது. நாம் சிரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

என் குடும்பத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவை இங்கே சொல்ல வேண்டும். என் ஆயா, அதாவது பாட்டி, கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பிறந்தவர். அங்கே சுரங்கம் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் நம் வடஆற்காட்டு ஊர்களிலிருந்து போனவர்கள்தாம். ஆயாவின் தகப்பனாரும் அப்படிப் போனவர். 1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தங்கவயலில் வலுவாக இருந்தது. நாளெல்லாம் பூமிக்கடியில் உழைத்துவிட்டு மேலே வந்தவர்கள், சாதிப் பெயரைக் கழற்றிவைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து அவர் நடத்திய 'தமிழன்' இதழைப் படிக்கக் கேட்டிருக்கிறார்கள். ஆயா திருப்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும், வைகாசிப் பௌர்ணமியன்று வெள்ளைப் புடைவை உடுத்தி விளக்கேற்றி, புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்றுக்கும் மூன்று முறை சரணம் சொல்வதை விட்டதில்லை. எங்கள் வீட்டில் பௌத்தம் என்பது மலை உச்சியில் கண்மூடி அமர்வது அல்ல. தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது. அதனால்தான் சீனப் படங்களில் வரும் பிக்குகளை நான் சிறு வயதில் வேறு ஏதோ மதத்தவர் என்றே எண்ணியிருந்தேன்.

தமிழ்நாட்டில் குங்ஃபூ என்றதும் போதிதருமர் பெயரைச் சொல்லாதவர் இல்லை. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டது. அவர் தென்னிந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன பிக்கு என்று பழைய சீன நூல்களே கூறுகின்றன. காஞ்சிபுரத்து அரச குமாரர் என்பது பின்னால் வளர்ந்த மரபு. சீனாவின் ஷாவ்லின் மடத்துப் பிக்குகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்பித்ததாகச் சொல்லும் நூலோ பதினேழாம் நூற்றாண்டுக்கு முன் காணக்கிடைக்காதது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அடியும் உதையும் நம்மிடமிருந்து போனவை என்று மார்தட்டுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. தியானம் என்ற சொல் 'ஜான' என்று பாலியில் ஒலித்து, சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனதே, அந்தப் பயணத்தை நினைத்தால்தான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆயா சொல்லும் அதே மூன்று சரணங்கள்தாம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இனி மடாதிபதிக்கு வருகிறேன். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ராய் சியாவ். இரண்டே ஆண்டுகள் கழித்து புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' படத்தில் ஷாவ்லின் மடாதிபதியாக வந்தவரும் இவரே. அந்தப் படத்தின் தொடக்கத்தில் புரூஸ் லீயோடு மோதுகிற பருத்த இளைஞர் சம்மோ ஹங்கும், மெலிந்த வயதில், இந்தப் படத்தில் எதிரியின் ஆட்களில் ஒருவராக வருகிறார். ஹுய்-யுவான் ஆயுதம் ஏந்துவதில்லை. வருகிறவனை ஒதுக்குகிறார், விழுகிறவனைத் தள்ளி நிறுத்துகிறார், கையிலுள்ளதைப் பிடுங்கிப் போடுகிறார். அடிப்பதற்கும் தடுப்பதற்கும் நடுவே உள்ள அந்த நூலளவு இடைவெளியில்தான் அவருடைய சண்டை முழுவதும் நடக்கிறது. இதுவரை படம் நமக்குக் காட்டிய எல்லா வித்தைகளும், வாளும் தாவலும் தந்திரமும், அவர் முன்னால் சிறுபிள்ளை விளையாட்டாகிவிடுகின்றன. யாங்கே கோட்டை இரவுக்குப் பின் அந்த மடத்தில்தான் சரண் புகுகிறாள். கூவுக்குத் தான் பெற்ற பிள்ளையை அவனிடமே சேர்ப்பித்துவிடுகிறாள்.

கடைசியில் எதிரித் தளபதி ஷு தோற்கிறான். மண்டியிடுகிறான், மனம் திருந்தியதாகக் கெஞ்சுகிறான். மடாதிபதி அவனை நெருங்குகிறார். அவன் மறைத்து வைத்திருந்த கத்தியால் குத்திவிடுகிறான்.

இந்த இடத்தில் எனக்கு அங்குலிமாலன் நினைவுக்கு வந்தான். விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டிருந்த அந்தக் கொலைகாரன் புத்தரைத் துரத்துகிறான், எவ்வளவு ஓடியும் நடந்துபோகும் அவரைப் பிடிக்க முடியவில்லை, நில் என்கிறான், நான் நின்றுவிட்டேன், நீ நில் என்கிறார் அவர். அவன் வாளை எறிந்துவிட்டுப் பிக்குவாகிறான். ஆயா எனக்குச் சொன்ன முதல் கதையே அதுதான். அந்தக் கதையில் அங்குலிமாலன் உண்மையாகவே திருந்தினான். இடுப்பில் இன்னொரு கத்தியை வைத்துக்கொண்டு அவன் மண்டியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிங் ஹு அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். கருணை ஏமாற்றப்படும் என்பதை அவர் மறைக்கவில்லை. தோற்றவன் கெஞ்சும்போது நெருங்குவதா, விலகி நிற்பதா என்றால், எல்லாம் அறிந்த அந்தப் பெரியவர் நெருங்குகிறார். அவருடைய பலவீனம் என்று அதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எத்தனை பேர் பொய் சொன்னாலும் அடுத்தவன் உண்மை சொல்லக்கூடும் என்று நம்புவதற்கு ஒரு மனிதனால் ஆகுமா என்பதே அங்கே சோதிக்கப்படுகிறது.

குத்துப்பட்ட காயத்திலிருந்து வழிவது சிவப்பு இரத்தம் அல்ல, பொன். திரையின் நிறங்கள் தலைகீழாகப் புரள்கின்றன. குத்தியவனின் சித்தம் கலங்கிவிடுகிறது. மடாதிபதி தள்ளாடி ஏறி ஒரு குன்றின் மேல் அமர்கிறார், சூரியன் அவர் தலைக்குப் பின்னால் வந்து நிற்கிறது, உருவம் கருநிழலாகிவிடுகிறது. நண்பர் மனம் ஒப்பாமல் தலையசைத்தது இங்கேதான். அவருடைய மறுப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. பொன்னாகப் பாயும் இரத்தத்தைக் காட்டியதும் அந்த மனிதர் நம்மைப் போன்றவர் இல்லை என்றாகிவிடுகிறதே, நம்மால் ஆகாததைச் செய்தவர் என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமே என்று அவர் கேட்டார். அயோத்திதாசர் வழி வந்த வீட்டுப் பிள்ளையான எனக்கும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. புத்தரைத் தெய்வமாக்கி ஒதுக்கி வைப்பதைத்தான் நாங்கள் எதிர்த்து வந்திருக்கிறோம்.

ஆனாலும் அந்தப் பொன்னிறத்தை வெறும் அற்புதமாக என்னால் பார்க்க முடியவில்லை. அத்தனை நேரமும் வெட்டும் குத்தும் பார்த்துப் பழகிவிட்ட நம் கண்ணுக்கு இன்னொரு உடலில் இன்னொரு சிவப்புக் காயம் என்றால் ஒன்றும் தோன்றாது. நிறம் மாறியதும்தான் ஒரு மனிதனைக் குத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று உடம்பு பதறுகிறது. கோட்டைக்குள் கிடந்த ஒவ்வொரு உடலிலிருந்தும் வழிந்ததும் இதேதான், அப்போது நமக்குத் தெரியவில்லை. இப்படித்தான் நான் அந்தக் காட்சியைப் படிக்கிறேன். இயக்குநர் இதைத்தான் எண்ணினார் என்று சொல்லமாட்டேன். மறுநாள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசிப் பகுதியை மறுபடி போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தாரா என்று இன்னும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் திருப்பத்தூர் போயிருந்தபோது மடிக்கணினியில் கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டும் ஆயாவுக்குக் காட்டினேன். முன்கதையை நானே சொன்னேன். கண் புரை அறுவை செய்துகொண்டவர் என்பதால் திரையை மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிக்குகள் நடந்துவரும்போது கையைக் கூப்பினார். கத்திக் குத்தின்போது பதறவில்லை. அவனைப் பார்த்து, படுபாவி என்று மட்டும் சொன்னார். சூரியன் பெரியவரின் தலைக்குப் பின்னால் வந்து நின்றபோது ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து திரை இருண்ட பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கொழந்தைய அப்புறம் யாருடா வளத்தாங்க?"

இறுதிக் காட்சிகளில் ஓவியன் கூவும் அவன் குழந்தையும் கண்ணிலிருந்து விலகிவிடுகிறார்கள். படம் அவர்களிடம் திரும்பி வருவதில்லை. அப்பன்காரன்தான் வளர்த்திருப்பான் என்றேன். அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, படம் வரைகிறவன் ஆயிற்றே என்றார். கூவின் தாய் இருக்கிறாளே என்று சொன்னதும் முகம் தெளிந்து, விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.